பின்பக்கமா வா என்ற அத்தைக்கு

என் அத்தைக்கு, செல்வி எழுதுவது.

நீங்கள் இருக்கும் இடத்தில் காபி எப்படியோ தெரியவில்லை. எப்படி இருந்தாலும் டிகாஷன் போதவில்லை என்று ஒரு தடவையாவது முகம் சுளித்திருப்பீர்கள். இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் பிள்ளைக்கு வழுக்கை இன்னும் கொஞ்சம் மேலேறியிருக்கிறது, கேட்டால் கம்பெனித் தண்ணீர் சரியில்லை என்கிறார். காவ்யாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நீங்கள் வைத்த மல்லிகைக் கொடி இந்த வருஷம் ஜன்னலுக்கு மேலே போய்விட்டது. பூப் பறிக்க ஸ்டூல் போட வேண்டியிருக்கிறது.

போன வாரம் உங்கள் வருஷத் திதி. எல்லாம் முறையாக நடந்தது. உங்களுக்குப் பிடித்த கத்திரிக்காய்ப் பொரியலை இலையில் வைத்துவிட்டுக் காக்கைக்காகக் காத்திருந்தோம். ரொம்ப நேரம் வரவில்லை. "அம்மா என்னிக்கு சொன்ன நேரத்துக்குக் கெளம்பியிருக்காங்க? பொடவைய மாத்திட்டுதான் வருவாங்க" என்றார் உங்கள் பிள்ளை. சிரித்துக்கொண்டு சொன்னவர், அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன் என்றதும் அவருக்குப் பிடிக்கவில்லை. "வீட்டு விஷயத்த ஊருக்கே சொல்லணுமா செல்வி?" என்றார். இது வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை, பஸ்ஸிலும் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் தினம் நடக்கிற விஷயம் என்றேன். அப்புறம், "அம்மாவ ரொம்ப மோசமா எழுதிடாத" என்றார். எழுதமாட்டேன். ரொம்ப நல்லவராகவும் எழுதமாட்டேன். இரண்டையும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் அத்தை, நாம் இருவரும் இத்தனை வருஷம் வாயே திறக்காமல் வைத்திருந்த ஒன்றை நான் காவ்யாவிடம் சொல்லிவிட்டேன். அந்த முதல் நாள் காபியைப் பற்றி.

உங்களுக்கு அது நினைவிருந்ததா என்றே எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். "வா, நான் வீட்லதான் இருப்பேன், அம்மாவுக்கு உன்ன அறிமுகப்படுத்தறேன்" என்று உங்கள் பிள்ளை சொல்லியிருந்தார். நாங்கள் இருவரும் மைசூர் ஹெப்பாளில் ஒரே தொழிற்சாலை. அவர் மெயின்டனன்ஸில் சூப்பர்வைசர், நான் பேக்கிங் பிரிவு. கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்த பழக்கம். என் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து, மாநில எல்லையில் பாலாறு செக்போஸ்ட் தாண்டி வந்து, தொழிற்பேட்டைக்குப் பின்னால் தகர ஷெட்டில் குடியிருந்தார்கள். நான் பிறந்தது மைசூரில்தான்.

இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் தோட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். பதற்றத்தில் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டேன். அவர் பலகாரம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நீங்கள் முன்பக்க வராந்தாவில் தலை உலர்த்திக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்டைத் திறந்ததும் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"வேலைக்கா? இப்படி வராதம்மா. பின்பக்கமா வா" என்றீர்கள்.

தமிழில் சொன்னீர்கள். இதை நான் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். வாசலில் முகம் தெரியாதவர் யார் வந்து நின்றாலும் நீங்கள் கன்னடத்தில்தான் ஆரம்பிப்பீர்கள். தபால்காரருக்குக் கன்னடம், இன்ஷூரன்ஸ்காரருக்குக் கன்னடம், கோயில் வசூலுக்கு வருகிறவருக்கும் கன்னடம். எனக்கு மட்டும், நான் ஒரு வார்த்தை பேசும் முன்னாலேயே தமிழ். என் நெற்றியிலா எழுதியிருந்தது? நிறத்தில் எழுதியிருந்தது. இந்தத் தெருவில் இவ்வளவு கருப்பாக ஒருத்தி கேட்டைத் திறந்தால் அவள் தமிழ்க்காரி. தமிழ்க்காரி என்றால் வேலைக்காரி. இரண்டையும் ஒரே பார்வையில் முடிவுசெய்துவிட்டீர்கள். நீங்களும் தமிழ்தான் என்பது அப்போது உங்களுக்கே ஞாபகம் வரவில்லை.

உங்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பழைய வேலைக்காரி நின்றுபோயிருந்தாள். புதிதாக ஒருத்தியை அனுப்புகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். சரி, நானாவது "இல்லைங்க, நான் உங்க பிள்ளையைப் பார்க்க வந்தேன்" என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? வாய் வரவில்லை. என் அம்மா கட்டட வேலை இல்லாத மாதங்களில் இதே மாதிரி வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே போய்ப் பழகிய கால், நான் சொல்லாமலே திரும்பிவிட்டது.

துணி துவைக்கிற கல்லில் உட்காரச் சொன்னீர்கள். வேலையைப் பற்றிப் பேசும் முன்னால் என் முகத்தைப் பார்த்தீர்கள். "சாப்பிட்டியா? மொகமே வாடியிருக்கே" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்தீர்கள். பின்ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில். அதன் அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு, வீட்டு டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த அடையாளம் எதற்கென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காபி ரொம்ப நன்றாக இருந்தது, அத்தை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே அடுக்காது.

"மெதுவா குடி, அவசரமில்ல. எந்த ஊரு உங்களுக்கு? மேட்டூரா! எங்க வீட்டுக்காரர் ஊரு அங்கருந்து பக்கம்தான்." பேசிக்கொண்டே இருந்தீர்கள். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் உங்கள் முகத்தில் தெரிந்தது. என் தலையில் பூ வாடிவிட்டது என்று கொடியிலிருந்து ஒரு கை மல்லிகை பறித்து என் மடியில் போட்டீர்கள்.

அப்போதுதான் உங்கள் பிள்ளை பலகாரப் பொட்டலத்தோடு பின்கட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். "அம்மா! இவதான் செல்வி" என்றார்.

நீங்கள் என்னை ஹாலுக்குக் கூட்டிப்போய் நாற்காலியைக் காட்டி, "கூத்கொள்ளி" என்றீர்கள். புது விருந்தாளியிடம் சொல்வதுபோல, மரியாதையாக, கன்னடத்தில் உட்காருங்கள் என்று. அதற்குப் பிறகு நீங்கள் பேசியதெல்லாம் கன்னடம். வேலைக்காரியாக இருந்த கால் மணி நேரம் எனக்குத் தமிழும் பூவும் 'சாப்பிட்டியா'வும் கிடைத்தன. மருமகளாக வரப்போகிறவள் என்று தெரிந்ததும் எல்லாம் நின்றுபோயின. பின்பக்கம் போகச் சொன்னது வலித்ததா, முன்பக்கம் கூட்டிப்போனது வலித்ததா? இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

சாதி ஒன்றாக இருந்தது உங்களுக்குப் பெரிய தொந்தரவாகிவிட்டது. வேறாக இருந்திருந்தால் அதைச் சொல்லியே வேண்டாம் என்றிருக்கலாம். "சாதி சரி, ஜனம் சரி, ஆனா..." என்று சொந்தக்காரர்களிடம் இழுத்தீர்களாம். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என் நிறமும் என் அப்பாவின் சிமெண்டுக் கையும் ஒன்றாக நின்றன. இரண்டையும் நீங்கள் பிரித்துப் பார்த்ததே இல்லை. பெங்களூரில் உங்கள் சொந்தத்தில் ஒரு டாக்டர் பெண் இருந்தாளே, அவள் என்னைவிட ஒரு பிடி கருப்பு. அவளை நீங்கள் "களையான மொகம்" என்பீர்கள். காரில் வந்து இறங்குகிறவளுக்குக் களை. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவளுக்குக் கருப்பு.

பிள்ளை பிடிவாதம் பிடித்தார், கல்யாணம் நடந்தது. நீங்கள் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. நகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஷிப்ட் முடிந்து வரும்போது சாதம் சூடாக இருக்கும். பேச்சு மட்டும் கன்னடம். உங்கள் பிள்ளையிடம் தமிழ், பக்கத்து வீட்டுத் தமிழ் மாமியிடம் தமிழ், என் பக்கம் திரும்பினால் கன்னடம். ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, இடையில் ஒரு திரை போட்டதுபோல.

அந்த டம்ளரை நான் தேடினேன். பின்ஜன்னலில் இல்லை. வேலைக்கு வந்த புதுப் பெண்ணுக்கு நீங்கள் வேறு டம்ளரில் கொடுத்தீர்கள். கடைசியில் அரிசி டின்னுக்குள் கண்டுபிடித்தேன். தூக்கிப் போட உங்களுக்கு மனசு வரவில்லை, எதைத்தான் போட்டிருக்கிறீர்கள்? அரிசி அளக்கிற டம்ளராக அதை மாற்றியிருந்தீர்கள். அடியில் பொட்டு அப்படியே இருந்தது. அன்றிலிருந்து நம் வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிற அரிசியை அதில்தான் அளக்கிறோம்.

ஒரு வேடிக்கை. நம் இருவரில் நல்ல கன்னடம் என்னுடையது. நான் கன்னட மீடியத்தில் படித்தவள், கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். உங்களுக்கோ இத்தனை வருஷமாகியும் 'ஹ' வாயில் ஏறவில்லை. 'ஹோகு' என்பதை 'ஓகு' என்பீர்கள். ஆனால் மார்க்கெட்டில் உங்களுக்கு "பன்ரீ அம்மாவரே", வாங்கம்மா என்று மரியாதை. நான் சுத்தமான கன்னடத்தில் விலை கேட்டால் கடைக்காரர் எனக்குக் கொச்சைத் தமிழில் பதில் சொல்வார். உங்கள் சிவப்பும் பட்டுக்கரையும் பேசியபோது உங்கள் உச்சரிப்பு யார் காதிலும் விழவில்லை. என் நிறம் பேசியபோது என் கன்னடம் யார் காதிலும் விழவில்லை.

கல்யாணமான முதல் வருஷமே காவிரித் தகராறு வந்தது. நம் தெருவில் யாரும் பெட்டி கட்டவில்லை. எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா வந்து, "நாங்க இருக்கோம், நீங்க பயப்படாதீங்க" என்று உங்கள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். தெருமுனைத் தமிழ் வக்கீல் பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார், அவ்வளவுதான். தகர ஷெட்டுகளில் அப்படி இல்லை. அங்கே கழற்றி வைக்கப் பலகை ஏது? அப்பாவின் மேஸ்திரி கன்னடக்காரர், நல்ல மனுஷர். அவரே ஒரு லாரி பிடித்து எல்லாரையும் பாலாறு வரை கொண்டுபோய் விட்டார். அம்மா சமையல் பாத்திரங்களைக்கூட எடுக்காமல் போனாள். ஒரே மொழி, ஒரே சாதி. ஒரு வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காவல் வந்தார், இன்னொரு வீட்டுக்கு லாரி வந்தது.

கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்று நம்பி, ஒரு நாள் மண்டி மொஹல்லாவுக்கு மளிகை வாங்கப் போனோம். வீட்டில் துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது, காபித்தூளும் தீர்ந்துவிட்டது. பருப்பு இல்லாமல் இருந்துவிடுவீர்கள், காபித்தூள் இல்லாமல் நீங்கள் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. பாதிக் கடைகள் மூடியிருந்தன. பை நிறைய வாங்கிக்கொண்டு ஆட்டோவில் திரும்பும்போது, ஒரு சந்து முனையில் சில பேர் கையை நீட்டி ஆட்டோவை நிறுத்தினார்கள்.

என்னைத்தான் பார்த்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். மைசூர், இங்கேதான் பிறந்தேன் என்று நல்ல கன்னடத்தில் சொன்னேன். அதில் ஒருத்தன் சிரித்தான். நான் பேசியதை அவன் கேட்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் உங்கள் பக்கம் திரும்பினான். திரும்பியதும் அவன் குரல் மாறிவிட்டது. கையைக்கூடக் கொஞ்சம் கட்டிக்கொண்டான்.

"அம்மா, இவளு நிம்ம மனெ கெலஸதவளா?"

அம்மா, இவள் உங்கள் வீட்டு வேலைக்காரியா? இதுதான் கேள்வி. அவ்வளவு மரியாதையாகக் கேட்டான். நீங்கள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தைகூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். உங்கள் வீட்டு வேலைக்காரியாக நான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருப்பேன், நீங்களும் கன்னடத்து அம்மாவாகவே வீடு வந்து சேர்ந்திருப்பீர்கள். அதில் தப்பும் இல்லை, யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். நானே மனசுக்குள் வேண்டிக்கொண்டேன், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் அத்தை என்று. வேண்டிக்கொண்டபோதே எனக்கு அந்தத் துவைக்கிற கல் ஞாபகம் வந்தது. இவரும் அப்படித்தானே நினைத்தார் என்று தோன்றியது.

நீங்கள் சொன்னீர்கள்: "அல்ல. நன்ன சொசெ."

இல்லை, என் மருமகள். சொல்லிவிட்டு அதோடு நின்றீர்களா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏனாய்த்து ஈக?" என்றீர்கள். இப்போ என்ன ஆச்சு? தெருக்குழாயில் குடத்தை இடித்தவளிடம் கேட்கிற மாதிரி.

அவர்கள் உங்களை மேலும் கீழும் பார்த்தார்கள். அப்படியென்றால் நீங்களும் தமிழா என்று ஒருத்தன் கேட்டான். "நம்ம யஜமானரு ரயில்வே. உங்க தாத்தா ஊருக்குப் போன ரயிலுக்கெல்லாம் அவருதான் டிக்கெட் கொடுத்தாரு, போய்க் கேளு" என்று பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகப் பொரிந்தீர்கள். மாமா டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவரே இல்லை, ஆபீஸ் குமாஸ்தா. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, நம்புங்கள். அவர்கள் பைகளை இழுத்துத் தெருவில் கவிழ்த்தார்கள். பருப்பு சிதறியது, காபித்தூள் பொட்டலம் கிழிந்தது. அவர்களில் கொஞ்சம் வயசானவன், "போதும் விடுங்கடா, பெரியவங்க" என்று கன்னடத்தில் சொன்னான். ஆட்டோக்கார பாய் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

வழியெல்லாம் என் கையை விடாமல் பிடித்திருந்தீர்கள். "காபித்தூள் போச்சே, அரைச்சு வாங்கின தூளு, போச்சே" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள். வீட்டுக்குள் வந்து கதவைத் தாழ் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். "சாப்பிட்டியா? மொகமே வாடியிருக்கே" என்றீர்கள்.

தமிழில். நான் அழுதது பயத்தினால் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். "அதான் வந்துட்டோமில்ல, அழாத" என்று முதுகைத் தடவிக்கொடுத்தீர்கள். நான் எதற்கு அழுதேன் என்று நீங்கள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளவில்லையா? தெரிந்தும் தெரியாததுபோல இருந்தீர்களா?

அதற்காக நீங்கள் ஒரே நாளில் மாறிவிட்டீர்கள் என்று எழுதினால் மேலே இருந்து நீங்களே சிரிப்பீர்கள். நான் உண்டானபோது குங்குமப்பூ வாங்கிக்கொண்டு வந்து, "கொழந்தையாவது கலரா பொறக்கட்டும்" என்றீர்கள். அந்த 'ஆவது' எனக்குச் சுருக்கென்றது. பால் ருசியாக இருந்ததால் குடித்தேன். காவ்யா உங்கள் நிறத்திலேயே பிறந்தாள். நீங்கள் அவளைத் தெரு முழுக்கத் தூக்கிக்கொண்டு போய், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் "என் கலரு" என்று காட்டினீர்கள். அதே குழந்தையை நான் தூக்கிக்கொண்டு நின்றால், யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டார்கள்.

ஆனால் என் அம்மா திரும்பி வந்த நாளையும் சொல்லியாக வேண்டும். தகராறெல்லாம் ஓய்ந்து அவர்கள் மறுபடி ஹெப்பாளுக்கு வந்த பிறகு, அம்மா என்னைப் பார்க்க வந்தாள். வராந்தாவில் காய் நறுக்கிக்கொண்டிருந்த உங்களைக் கேட்டிலிருந்து கண்டதும், பழக்க தோஷம், சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து நின்றாள். நீங்கள் அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்தீர்கள். "என்ன சம்பந்தியம்மா இது, சம்பந்தி வீட்டுக்கு இப்படியா வருவாங்க?"

"இருக்கட்டுங்கம்மா, இப்புடியே வந்தர்றேன், காலெல்லாம் மண்ணுங்க" என்றாள் அம்மா.

நீங்கள் கேட்கவில்லை. "மறுபடி கேட்டுக்குப் போங்க, நான் வந்து கூப்பிடறேன்" என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு, வீட்டுக்குள்ளாக ஓடிப்போய், முன்வாசலில் நின்று, "வாங்க சம்பந்தியம்மா, வாங்க" என்று அப்போதுதான் பார்ப்பதுபோலக் கூப்பிட்டீர்கள். அந்த வெயிலில் அம்மா வீட்டை முழுசாக ஒரு சுற்று சுற்றினாள். இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். நான் சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் செய்ய விட்டுப்போனதை அவளுக்குச் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். சரிதானா?

காவ்யாவுக்குக் கதை கேட்கிற வயசு வந்ததும் நீங்கள் ஆட்டோ கதையை எடுத்துக்கொண்டீர்கள். சொல்லச் சொல்ல ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். கடைசியில் நாற்பது பேர், கையில் கத்தி வேறு. "ஏனாய்த்து ஈகன்னு கேட்டேன் பாரு, ஒருத்தன் வாய் திறக்கலை" என்று முடிப்பீர்கள். அஜ்ஜி, அஜ்ஜி என்று உங்களைச் சுற்றி வந்தவளுக்கு அது மனப்பாடம். பால் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போதுகூட இடுப்பில் கைவைத்து அதையே சொல்வாள். அந்தக் கதையில் துவைக்கிற கல் வந்ததில்லை, டம்ளர் வந்ததில்லை. நானும் நுழைத்ததில்லை. நீங்கள் கதாநாயகியாக இருப்பது எனக்கும் பிடித்திருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காவ்யா ஒன்றாம் வகுப்பு. உங்களோடு போய்க்கொண்டிருந்தவளை இந்த வருஷம் நான்தான் ஷிப்டை மாற்றிக்கொண்டு கூட்டி வருகிறேன். நல்ல பள்ளிக்கூடம், வாசலில் கார்கள் நிற்கும். ஒரு நாள் அவளோடு படிக்கிற பெண்ணின் அம்மா, கண்ணாடி போட்டவர், நல்ல மாதிரிதான், காவ்யாவின் கன்னத்தைத் தட்டி, "பாப்பா, உங்க ஆயா வந்துட்டாங்க பாரு" என்று கன்னடத்தில் சொன்னார்.

நான் காவ்யாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்றும் சொல்லாமல் பையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். எப்போதும் என் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள், அன்றைக்குப் பிடிக்கவில்லை.

ஆயா என்பது கேவலமா? என் அம்மா செய்த வேலைதானே? அதை நான் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் என் குழந்தை என்னைத் தெரியாததுபோல நடந்தாள், அத்தை. பஸ்ஸில் நின்றுகொண்டே அழுகையை அடக்கினேன். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் மறுநாளே பள்ளிக்கூட வாசலில் போய் முந்தானையைச் செருகியிருப்பீர்கள். போய்ச் சேர்ந்துவிட்டீர்களே என்று உங்கள் மேல் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். காவ்யா அரிசி டின்னைச் சுற்றி வந்தாள். டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா சிவப்பா?" என்றாள்.

சொல்லிவிட்டேன். கல், காபி, பூ, பின்பக்கமா வா, எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே இருந்தவளின் முகம் சுருங்கியது.

"அஜ்ஜியா? நம்ம அஜ்ஜியா உன்ன வேலைக்காரின்னு சொன்னா?"

"ஆமா."

"அஜ்ஜிக்கும் மொதல்ல தெரியலையா?"

"தெரியல."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சது?"

எப்படி என்று சொல்வேன்? "கூடவே இருந்தோம், அப்புறம் தெரிஞ்சது" என்றேன். அவள் கொஞ்ச நேரம் டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு நீ எங்கம்மான்னு நான் சொல்லல" என்றாள் மெதுவாக. "பரவால்ல" என்றேன். "அஜ்ஜியும் மொதல் நாள் சொல்லல இல்ல?" என்றாள். அரிசியை அவளே அளந்து போட்டாள், பாதி தரையில்.

உங்களை அவள் முன்னால் சின்னவராக்கிவிட்டேனோ என்று சில நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. உங்கள் போட்டோவை நேராகப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

திதிக்கு இரண்டு நாள் முன்னால், அதே வாசல், அதே கண்ணாடிக்காரர். இந்தத் தடவை என்னிடமே பேசினார். காவ்யாவின் அம்மாவிடம் சொல்லுங்கள், என் பெண்ணுக்குப் பிறந்தநாள், குழந்தையை அனுப்பச் சொல்லுங்கள் என்றார். நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முன்பல் இல்லாததால் காற்றும் சேர்ந்து வந்தது.

"ஆயா அல்ல. நம்ம அம்மா. ஏனாய்த்து ஈக?"

இடுப்பில் கை. முந்தானைதான் இல்லை, இருந்திருந்தால் செருகியிருப்பாள். அந்த அம்மாள் வெலவெலத்துப்போய், "சாரி, சாரி" என்றார். குழந்தை துடுக்காகப் பேசிவிட்டாள் என்று நானும் சாரி சொன்னேன். காவ்யா வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் விடவில்லை, பஸ்ஸிலும் விடவில்லை.

நீங்கள் கதாநாயகியாக மட்டும் இருந்த கதையை அவள் இரண்டு வருஷமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள், அத்தை. நீங்களும் முதலில் தப்பு செய்தீர்கள் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது. அதனால் நான் சொன்னதற்கு வருத்தப்படவில்லை. நீங்களும் வருத்தப்படாதீர்கள்.

ஹெப்பாளில் பெரிதாகக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று வரப்போகிறதாம். அப்பா அங்கே கட்டட வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். ஊரெல்லாம் புது ஆட்கள் வருவார்கள், நம் தெருவுக்கும் வருவார்கள். யார் எந்த நிறத்தில், எந்த மொழியில், எந்தச் செருப்போடு வந்து நம் கேட்டைத் திறந்தாலும், "யார் வேணும்?" என்று முதலில் கேட்பேன். வேலைக்கு வந்தவளாக இருந்தால் அவளும் முன்வாசல் வழியாகத்தான் வருவாள், நாம் குடிக்கிற டம்ளரில்தான் குடிப்பாள். காபிக்கு டிகாஷனை நீங்கள் விடுகிற மாதிரியே கெட்டியாக விடுவேன். "சாப்பிட்டியா?" என்று தமிழில் கேட்பேன். அவளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் கன்னடத்தில் கேட்பேன், 'ஹ' எல்லாம் சரியாக வரும்படி. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அன்றைக்கு ஆட்டோவை நிறுத்தி உங்களைக் கேட்டவனுக்கு நீங்கள் சொன்ன பதிலையே கீழே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் சொசெ,
செல்வி